காயமும் கூடவே வரும்: ருவாண்டாவில் உயிர் பிழைத்தவர்களின் மனநலம், ஓர் அறிமுகம்

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 7-ம் தேதி ருவாண்டா நாடு முழுக்கத் துக்கம் அனுசரிக்கிறது. தலைநகர் கிகாலியின் விளையாட்டரங்கம் தொடங்கிக் குன்றுகளில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்கள் வரை கூட்டங்கள் நடக்கும். 1994 இனப்படுகொலையில் தப்பிய ஒருவர் மேடையேறித் தனக்கு நடந்ததைச் சொல்வார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் ஒரு பெண் அலறுவார். வருகிறார்கள், ஓடுங்கள் என்று கத்துவார். சிலர் எழுந்து ஓடப் பார்ப்பார்கள், சிலர் ஒளிய இடம் தேடுவார்கள், சிலர் மயங்கிச் சாய்வார்கள். இது நடக்கும் என்று தெரிந்தே தன்னார்வலர்கள் ஓரமாகத் தயாராக நிற்பார்கள். அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துச் சத்தம் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இது எந்த வருஷம், நாம் எங்கே இருக்கிறோம் என்று நிதானமாக நினைவுபடுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகும்.

அவர் ஒரு பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். அடுத்த வாரம் வழக்கம்போல வகுப்பில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வீட்டு வேலை, சீட்டுப் பணம், பிள்ளையின் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அவர்தான் முன்நின்று பார்ப்பார். ஏப்ரலில் பார்க்காதவர்களுக்கு அவரிடம் எந்தக் குறையும் தெரியாது.

சரி, இவர் நோயாளியா, தேறியவரா? உளக்காயம் ஒரு பக்கம், மீள்திறன் மறுபக்கம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். ருவாண்டாவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே காலத்தில் இருக்க முடியும். அது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா ஜனாதிபதி ஹப்யாரிமானா சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே படுகொலை தொடங்கிவிட்டது. ஜூலை நடுப்பகுதி வரை, ஏறத்தாழ நூறு நாட்கள். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மை இனமான டுட்சிகள். பெரும்பான்மை இனமான ஹூட்டுக்களில் கொலைக்கு உடன்பட மறுத்தவர்களும் அதில் உண்டு. 8 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: யார் கொன்றார்கள், எங்கே வைத்துக் கொன்றார்கள் என்பது. ராணுவமும் இன்டரஹாம்வே ஆயுதக் குழுவும் முன்நின்றன என்பது உண்மைதான். ஆனால் வீடு தேடி வந்தவர்களில் பலர் தெரிந்த முகங்கள். ஒன்றாகப் பந்து விளையாடியவர், ஒரே வகுப்பில் படித்தவர், தன் வீட்டு விருந்தில் வந்து சாப்பிட்டவர். அடைக்கலம் தேடி ஓடிய தேவாலயங்களே கொலைக்களங்களாயின. நியமாட்டா, ந்தராமா தேவாலயங்கள் இன்று நினைவிடங்கள். நியமாட்டாவில் இறந்தவர்களின் உடைகளைப் பெஞ்சுகளின் மேல் குவித்து வைத்திருக்கிறார்கள். கொலைக் கருவியோ, வாழைத் தோட்டத்தில் தினமும் கையில் எடுக்கிற வெட்டுக்கத்தி.

நூறு நாட்கள் முடிந்த பிறகும் போக வேறு இடமில்லை. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் போனார்கள். கொன்றவன் முகத்தை மறுபடி பார்க்கும் கட்டாயம் அவர்களில் அநேகருக்கு வரவில்லை. ருவாண்டாவில் அதே குன்று, அதே தண்ணீர்க் குழாய், அதே சந்தை. குடத்தோடு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர், தன் தம்பியைக் கொன்றவனின் மனைவியாக இருப்பார். ஆபத்து முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நம்பவைப்பதில்தான் உளக்காய சிகிச்சையே தொடங்கும். இந்தச் சூழலில் அதை எப்படிச் சொல்வது?

மனசுக்குள் என்ன நடக்கிறது

ஒருமுறை திருடன் புகுந்த வீட்டின் நாய், அப்புறம் பால்காரரைப் பார்த்தாலும் விடாமல் குரைக்கும். உயிராபத்தைக் கடந்துவந்த மூளையின் எச்சரிக்கை அமைப்பும் அப்படித்தான். ஆபத்தோடு சேர்ந்து பதிந்த எதைக் கண்டாலும் அது ஆபத்தே வந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. இதயம் படபடக்கும், வியர்க்கும், கால்கள் ஓடச் சொல்லும். நினைவு வழக்கமாகக் கடந்த காலத்தில் நடந்ததாக மனசில் வரும். இந்த நினைவு மட்டும் இப்போதே நடப்பதாக வரும்.

ருவாண்டாவில் இதைக் கிளப்பிவிடுபவை எவை என்று பார்த்தால், எல்லாமே அன்றாடப் பொருட்கள். ஏப்ரல் அங்கே பெருமழைக் காலம். கொலைகள் நடந்தது அந்த மழையில்தான். ஆட்களைத் தேடி வந்த கும்பல்கள் விசில் ஊதிக்கொண்டு வந்தன. ஒளிந்திருந்தவர்கள் சோளக்கொல்லையிலும் சதுப்புநிலக் கோரைக்குள்ளும் கிடந்தார்கள். ஆகவே ஒரு மழை நாள், ஒரு விசில், உயரமாக வளர்ந்த சோளம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

இந்தத் திடீர் வேகத்தை ருவாண்டாவில் இஹஹாமுகா என்கிறார்கள். மூச்சு முட்டிப்போகிற அச்சம் என்று சொல்லலாம். மருத்துவர்கள் இதன் பெரும்பகுதியைப் பி.டி.எஸ்.டி., அதாவது உளக்காயத்துக்குப் பின் வரும் மன அழுத்த நோய், என்ற தலைப்பில் வைப்பார்கள். நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, நினைவூட்டும் எதையும் தவிர்த்து ஒதுங்குவது, எப்போதும் உஷாராகவே இருப்பது, தூக்கம் கெடுவது, உணர்வே மரத்துப்போவது, இவை நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால் அந்தப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்த நோய்ப்பெயர் ஏறியதே 1980-ல்தான். அதற்கு முன்னால் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களைச் சோதித்த மருத்துவர்கள் தாங்களாகவே வேறு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ருவாண்டாவில் 2018-ல் நாடு தழுவிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பொதுமக்களில் 3.6 சதவீதம் பேருக்குப் பி.டி.எஸ்.டி. இருந்தது. இனப்படுகொலையில் தப்பியவர்களில் 27.9 சதவீதம். தீவிர மனச்சோர்வு பொதுமக்களில் 12 சதவீதம், தப்பியவர்களில் 35 சதவீதம். படுகொலை முடிந்து 24 வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த எண்களில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அலறலும் ஓட்டமும்தான் நம் கண்ணில் படுகின்றன, ஆனால் அதிகம் பேரை வாட்டுவது மனச்சோர்வு. அது சத்தம் போடாது. காலையில் எழ மனமில்லாமல் கிடப்பது, உடம்பெல்லாம் வலி என்று சுகாதார நிலையத்துக்கு நடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது என்று நாட்கள் ஓடும். பலருக்கு இதற்கு அடியில் இருப்பது முடியாத துக்கம். உடல் கிடைக்கவில்லை, அடக்கம் செய்யவில்லை, எங்கே வீசினார்கள் என்றே தெரியவில்லை என்றால் துக்கம் எங்கே போய் முடியும்? வருஷங்கள் கழித்து எலும்புகள் கிடைத்து முறையாக அடக்கம் செய்யும்போது சிலருக்கு மனப்பாரம் கொஞ்சம் இறங்குகிறது. ஏப்ரல் நினைவு வாரத்தில் அங்கங்கே இப்படி மறு அடக்கம் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, 27.9 சதவீதம் என்றால் பத்தில் ஏழு பேர் அந்த நோய்ப்பெயருக்குள் வரவில்லை என்று அர்த்தம். அவர்கள் பார்த்தது ஒன்றும் குறைவானதல்ல. 1995-ல் யுனிசெஃப் உதவியோடு 3,030 சிறுவர்களிடம் பேசினார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் தாங்கள் செத்துவிடுவோம் என்றே நினைத்திருந்தார்கள். 15 சதவீதம் பேர் பிணங்களுக்கு அடியில் ஒளிந்து தப்பியவர்கள். அப்படிப்பட்ட ஒரு தலைமுறையில் பெரும்பாலானவர்கள் வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, குழந்தை பெற்று வாழ்கிறார்கள். இது எப்படி முடிந்தது?

மீள்திறன் என்றால்

அடிபட்டவர் பழையபடி ஆகிவிடுவதுதான் மீள்திறன் என்று பலர் நினைக்கிறார்கள். பழையபடி என்று ஒன்று இங்கே கிடையாது. பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், வீடு, தெரு எல்லாம் போன பிறகு எந்தப் பழைய நிலைக்குத் திரும்புவது? அழாமல், அசையாமல் இருப்பதும் மீள்திறன் ஆகாது. உள்ளே காயம் இருக்கும்போதே சாப்பிட்டு, வேலை பார்த்து, யாரையாவது நம்பி, நாளைக்கு என்று ஒன்றை யோசிக்க முடிவதுதான் அது. ஒரே ஆளிடம் அது ஒரு மாதம் இருக்கும், இன்னொரு மாதம் இல்லாமல் போகும். வேலையில் இருக்கும், உறவில் இருக்காது.

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்திருக்கின்றன. 12,746 பேரை உள்ளடக்கிய 71 மாதிரிகளை ஒன்றாகத் தொகுத்து 2010-ல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் உளக்காய அறிகுறிகள் அவர்களிடம் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் இருந்தன. உடல்நலத்திலும் சிந்திக்கும் திறனிலும் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே மனிதர்களின் இரண்டு பக்கங்கள் இவை. ஆசிரியையிடம் நாம் பார்த்ததும் இதைத்தான்.

தெற்கு ருவாண்டாவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் பிழைத்த பெண்களோடு இரண்டு ஆய்வாளர்கள் நெருங்கிப் பழகி 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எப்படி வாழ்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் சொன்னவற்றில் மூன்று திரும்பத் திரும்ப வந்தன. பொறுத்துக்கொள்வது. மறுபடி உயிரோடு இருப்பதாக உணர்வது. வாழ்க்கையை விடாமல் நடத்திக்கொண்டு போவது. இரண்டாவதும் மூன்றாவதும் தனியாக வரவில்லை என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது. பிள்ளை வளர்ப்பு, தங்களைப்போன்ற பெண்களின் சங்கம், கடவுள் நம்பிக்கை, ஒரு துண்டு நிலம் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன.

பொறுத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணின் கண்ணீர் வயிற்றுக்குள்தான் வழியும் என்று ருவாண்டாவில் ஒரு பழமொழி உண்டு. பெண்களுக்கும் அங்கே ஊர் நடுவில் அழுவது பழக்கமில்லை. வருஷம் முழுக்க உள்ளே வழிந்த கண்ணீருக்கு ஊரே கூடி அனுமதி தருவது அந்த ஏப்ரல் வாரம் ஒன்றுதான். நினைவுக் கூட்டங்களில் இஹஹாமுகா கொத்துக்கொத்தாக வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2004-ல் பத்தாம் ஆண்டு நினைவின்போது பள்ளிகளில் மாணவர்கள் பலருக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு என்று வந்தது. நினைவுக் கூட்டமே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. தன்னார்வலர்களைக் கூட்டினார்கள்.

மருத்துவர் இல்லாத நாட்டில்

1994-ல் ருவாண்டாவில் மனநல சேவை என்று சொல்ல ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சவில்லை. நாட்டின் மனநல மருத்துவமனை கிகாலிக்குப் பக்கத்தில் ந்தேராவில் இருந்தது. அங்கே தஞ்சம் புகுந்தவர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்து நாடு திரும்பிய நாசோன் முன்யாந்தமுட்சா பல வருஷங்களுக்கு நாட்டின் ஒரே மனநல மருத்துவராக இருந்தார். பல லட்சம் பேருக்கு ஒரு மருத்துவர். அவர் 2016-ல் காலமானார்.

இணையத்தில் ஒரு துணுக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலைநாட்டு மனநல ஆலோசகர்கள் வந்து மக்களை இருட்டறையில் உட்காரவைத்துத் துயரத்தையே பேசச் சொன்னார்களாம். வெயில் இல்லை, மேளம் இல்லை, ஊர் இல்லை, ஆகவே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது: ஊரைவிட்டுத் தனியே பிரித்துத் தரும் சிகிச்சை அங்கே எடுபடாது. ஆனால் ருவாண்டா நவீன மனநல சிகிச்சையை விரட்டிவிட்டது என்று அதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. 1995-லேயே மனநலக் கொள்கை வகுத்தார்கள். ஆலோசகர்களைப் பயிற்றுவித்தார்கள், மாவட்ட மருத்துவமனை வரை மனநலச் செவிலியர்களைக் கொண்டுபோனார்கள். மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மேளம் போதாது.

மருத்துவர்கள் போதாத இடத்தில் பெரும் பாரத்தைச் சுமந்தது பிழைத்தவர்களே கட்டிய அமைப்புகள். 1995 ஜனவரியில், படுகொலை முடிந்து ஆறே மாதத்தில், 50 விதவைகள் சேர்ந்து அவேகா சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்றாக உட்கார்ந்து அழத்தான் கூடினார்கள். அப்புறம் வீடு, நிலப் பத்திரம், எச்.ஐ.வி. மருந்து, நீதிமன்ற சாட்சி என்று ஒவ்வொன்றாக வந்தது. வன்புணர்வின் வழியாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் அவர்களில் நிறையப் பேர். மருந்து கிடைக்காத ஒரு பெண்ணிடம் மனசைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

என்னை மிகவும் யோசிக்கவைத்தது மாணவர்கள் செய்தது. 1996-ல் புட்டாரேயில் இருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில், பெற்றோரை இழந்த மாணவர்கள் ஏ.இ.ஆர்.ஜி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குள் அவர்கள் குடும்பங்களை உருவாக்கிக்கொண்டார்கள். இது பேச்சுக்குச் சொல்லும் குடும்பம் இல்லை. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட ஒரு குழுவில் ஒருவரை அப்பாவாகவும் ஒருவரை அம்மாவாகவும் தேர்ந்தெடுப்பார்கள். அப்பாவுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும், பிள்ளைக்கு இருபது. குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. யாருக்குக் கட்டணம் கட்டவில்லை, யார் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறார், விடுமுறையில் போக வீடில்லாதவர் யார் என்று பார்ப்பது அப்பா அம்மாவின் பொறுப்பு. பட்டமளிப்பு விழாவில் எல்லோருக்கும் பெற்றோர் வந்து நிற்கும்போது, இவர்களுக்குக் கைதட்ட ஒரு குடும்பம் வந்து நிற்கும். பழைய மாணவர்களின் அமைப்பிலும் இந்த உறவு தொடர்ந்தது.

கல்யாணம் என்று வந்தால்தான் இதன் அருமை தெரியும். ருவாண்டாவில் மணமகள் வீட்டுக்கு மாடு கொடுப்பது வழக்கம். அதைப் பேசி முடிக்க இரு பக்கமும் பெரியவர்கள் வேண்டும். குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சாதவருக்கு யார் பேசுவார்? அந்தச் சங்கத்துக் குடும்பம்தான் பேசுகிறது. பெரியவர் இடத்தில் உட்காருபவர் மாப்பிள்ளையைவிட ஒரு வயதுதான் மூத்தவராக இருப்பார். யாரும் சிரிப்பதில்லை. கல்யாணமான பின் பிறக்கும் குழந்தைக்குத் தாத்தா, அத்தை, மாமா எல்லாம் அங்கிருந்தே கிடைக்கிறார்கள்.

மீள்திறன் ஒருவரின் நெஞ்சுக்குள் இருக்கும் ஏதோ உறுதி என்று எண்ணுகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த இருபத்திரண்டு வயது அப்பாவைத்தான். ஒரு மாணவன் படிப்பை முடித்தான் என்றால், அதில் அவன் மனவலிமை எவ்வளவு, கட்டணம் கட்டியதா என்று கேட்ட அந்த ஆள் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. தனி மனிதரின் காயம் ஒன்று, ஊரே நம்பிக்கை இழந்துபோவது இன்னொன்று என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதிவருகிறார். அவர் கம்போடியாவிலும் பணியாற்றியவர். குடும்பமும் ஊரும் சிதைவதைக் கூட்டு உளக்காயம் என்கிறார். சிதைந்தது ஊர் என்றால் மருந்தும் ஊர் அளவில்தானே வேண்டும்.

அதே யோசனையில் 2005-ல் வடக்கே பியும்பாவில் சமூகக் குழுச் சிகிச்சை ஒன்று தொடங்கியது. பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் கூடுவார்கள். பதினைந்து வாரம். நடத்துபவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். குழுவில் தப்பியவரும் இருப்பார், சிறையில் இருந்து வந்தவரும் இருப்பார், கணவன் சிறையில் இருக்கும் பெண்ணும் இருப்பார். எடுத்தவுடன் யாரும் 1994-ஐப் பேசுவதில்லை. இங்கே பேசியது வெளியே போகலாமா, ஒருவர் பேசும்போது குறுக்கிடலாமா என்று பாதுகாப்பில் தொடங்குகிறார்கள். பிறகு நம்பிக்கை, ஒருவரை ஒருவர் கவனிப்பது, மரியாதை என்று போய்க் கடைசியில்தான் நினைவுகளுக்கு வருகிறார்கள். பங்கேற்றவர்களின் மனநலம் பங்கேற்காதவர்களைவிடத் தேறியிருந்ததாக 2011-ல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

தனி ஆளுக்கான முறைகளும் உண்டு. உகாண்டாவின் நகிவாலே அகதிகள் குடியிருப்பில் ருவாண்டா, சோமாலியா அகதிகளிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு அதுதான் உன் வாழ்க்கை என்பார்கள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். வைத்த பிறகு பிறப்பில் இருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். கல் இருக்கும் இடத்தில் நின்று, நிதானமாக, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். துண்டு துண்டாகத் தாக்கிக்கொண்டிருந்த நினைவு, இன்ன வருஷம் இன்ன இடத்தில் நடந்து முடிந்த ஒன்றாகத் தன் இடத்தில் போய் உட்கார்கிறது. அங்கே சிகிச்சை தந்தவர்களில் அகதிகளும் இருந்தார்கள். இதே வகைச் சிகிச்சையைச் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் குழந்தைகளிடமும் பயன்படுத்தினார்கள்.

பேசினால் ஆறுமா

மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறோம். யாரிடம், எங்கே, எதற்காகப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ருவாண்டா இதை வலியோடு கற்றது.

சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணைக்காகக் கிடந்த நிலையில், ஊர்மக்களே நீதிபதிகளாக உட்காரும் கச்சாச்சா நீதிமன்றங்களை அரசு அமைத்தது. 2002-ல் சோதனையாகத் தொடங்கி 2012-ல் முடித்தார்கள். ஏறத்தாழ 12,000 மன்றங்கள், 19 லட்சம் வழக்குகள். உண்மை வெளியே வந்தால் மனக்காயமும் ஆறும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. காரன் புரோனேயுஸ் என்ற ஆய்வாளர் 1,200 பேரிடம் கேட்டுப் பார்த்தார். கச்சாச்சாவில் சாட்சி சொன்னவர்களிடம் மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி.யும் சாட்சி சொல்லாதவர்களைவிட அதிகம் இருந்தன. ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க, குற்றவாளியின் உறவினர் முறைத்துக்கொண்டிருக்க, தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு இரவில் தனியாக வீட்டுக்கு நடந்து போன பெண்களை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. பலர் மிரட்டல்களையும் சந்தித்தார்கள்.

அதற்காகக் கச்சாச்சாவே வீண் என்று சொல்ல மாட்டேன். உறவினர் உடல்கள் எங்கே கிடக்கின்றன என்று பலருக்குத் தெரிந்தது அங்கேதான். நீதிக்கான வேலையை நீதி செய்யட்டும், அதையே சிகிச்சை என்று பெயர் சூட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மன்னிப்பைப் பற்றியும் இதே எண்ணம்தான். கொன்றவரும் தப்பியவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படங்களை வெளிநாட்டுப் பத்திரிகைகள் விரும்பிப் போடுகின்றன. மன்னித்தவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் எடுத்த முடிவு. மன்னிக்காதவரிடம் மீள்திறன் குறைவு என்று அந்தப் படங்களில் இருந்து யாராவது கணக்குப் போட்டால் அது அநியாயம்.

அடுத்த தலைமுறை

1994-ல் பிறக்காதவர்களுக்கும் ஏப்ரலில் மூச்சு முட்டுவது உண்டு. படுகொலையின்போது கர்ப்பமாக இருந்த 25 டுட்சிப் பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும், அந்தக் காலத்தில் நாட்டில் இல்லாத அதே இனப் பெண்கள் 25 பேரோடும் அவர்கள் பிள்ளைகளோடும் ஒப்பிட்டு 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. மன அழுத்த ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் மேல் இருக்கும் வேதிக்குறிகள் தாய், பிள்ளை இருவரிடமும் மாறியிருந்தன. உடனே உளக்காயம் ரத்தத்தில் ஓடுகிறது என்று தலைப்புப் போட்டுவிட வேண்டாம். சின்ன மாதிரி அது. பிள்ளைக்குக் காயம் போய்ச் சேர அதைவிடச் சாதாரணமான வழிகள் உண்டு. தாத்தா பாட்டி எங்கே என்று கேட்டால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்வார்கள். கிளைகள் காலியாக இருக்கும்.

வன்புணர்வில் பிறந்த பிள்ளைகள் இன்னும் சிக்கலான இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், இன்று முப்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். பிழைத்தவர்களுக்கான அரசு நிதி 1990 முதல் 1994 வரை துன்புறுத்தலுக்கு ஆளானவர்களையே கணக்கில் எடுத்தது. அதன் பிறகு பிறந்த இவர்கள் அதற்குள் வரவில்லை. அப்பா யார் என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? தாபா என்ற ஊரைச் சேர்ந்த கோதெலிவ் முகசராசி 1994 டிசம்பரிலேயே செவோட்டா என்ற அமைப்பைத் தொடங்கினார். ருவாண்டா படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் தாபாப் பெண்கள் சாட்சி சொல்லத் துணை நின்றவர். அந்த வழக்கில் 1998-ல் வந்த தீர்ப்புதான் வன்புணர்வை இனப்படுகொலையின் ஒரு வடிவமாக முதன்முதலில் ஏற்றது. அதற்கிடையில், 1996-ல், அவருடைய கணவரும் மகளும் கொல்லப்பட்டார்கள். செவோட்டா தாய்மார்களையும் இந்தப் பிள்ளைகளையும் குழுக்களாகக் கூட்டுகிறது. மற்றவர்களுக்கும் இதுதான் நடந்தது என்று தெரிந்த பிறகே பல தாய்மார்களுக்குப் பிள்ளையிடம் சொல்ல வாய் வந்தது.

இப்போது ருவாண்டா இன்னொரு கட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. இருபத்தைந்து, முப்பது வருஷத் தண்டனை பெற்றவர்கள் முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போவதும் அதே குன்றுகளுக்குத்தான். புகேசேரா மாவட்டத்தில் சிறைக்குள்ளேயே கைதிகளோடு குழுச் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள், வெளியே குடும்பங்களோடும் பேசுகிறார்கள். தன் வீட்டாரைக் கொன்றவர் எந்த மாதம் வெளியே வருகிறார், எந்த வீட்டில் தங்கப்போகிறார் என்று தப்பியவருக்கு முன்கூட்டியே ஒரு தகவல் சொல்வதும், அவர் வந்து இறங்கும் நாளில் அவேகாவில் இருந்தோ பழைய மாணவர் குடும்பத்தில் இருந்தோ யாராவது ஒருவர் அந்த வீட்டில் வந்து தங்குவதும் இனி வரும் வருஷங்களில் மனநலப் பணியின் பெரும்பகுதியாக இருக்கும்.